மீன் ஆய மின்சாரக் கத்தியா, அரிவாள்மணையா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

1987-இல் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த நம்ம ஆமத்தூர்ப் பையன் ஒருவர் இப்போது அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். அம்மாவுக்கு மூட்டுவலி, தரையில் உட்கார்ந்து மீன் ஆய முடியவில்லையாம். "அங்கே எல்லாரும் மீன் வெட்ட மின்சாரக் கத்திதான் வச்சிருக்காங்க சார். மூணு கத்தி படம் அனுப்பியிருக்கேன். எதை வாங்கட்டும்?" என்று கேட்டிருக்கிறார். நான் கத்தி வியாபாரி இல்லை தம்பி, வரலாற்று வாத்தியார். எந்தக் கம்பெனி என்று சொல்வதற்கு முன்னால், அந்தக் கத்தி எந்த மீனுக்காக, யாருக்காக உண்டானது என்று பார்த்துவிடுவோம்.

முதலில் நம்ம பக்கத்து மீன். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிற நமக்குக் கடலும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் மீன், இல்லாவிட்டால் இல்லை. மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி முழங்காலுக்கு வந்ததும் கண்மாய் அழியும். ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு ஊரே இறங்கும். வெளியூரில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம்: 'கண்மாய் அழிகிறது' என்றால் கரை உடைந்துபோவது இல்லை, மீன் பிடிக்கக் கண்மாயைத் திறந்துவிடுவது. அதில் கிடைத்தது விரால், கெளுத்தி, குரவை, கெண்டை, அயிரை. ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களில் பாண்மகள் கூடையில் கெளுத்தியும் வராலும் கொண்டுவந்து கொட்டுகிறாள், வீட்டுக்காரி அந்தக் கூடையில் பயறும் பழைய நெல்லும் நிறைத்து அனுப்புகிறாள். கெளுத்திக்கு அங்கே கெடிறு என்று பெயர். அன்றிலிருந்து என் சின்ன வயது வரைக்கும் உள்நாட்டு அடுப்படிக்கு வந்த மீன் பெரிதாக மாறவில்லை.

கடல் மீன் நமக்குக் கருவாடாகத்தான் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை மாகாண அரசு கடற்கரை ஊர்களில் மீன் உப்பிடும் கூடங்களை அமைத்து, வரியில்லாத உப்பை மலிவாகக் கொடுத்தது. பிறகு சர் ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி ஐரோப்பா, ஜப்பான் எல்லாம் போய்ப் பார்த்துவந்து, 1907-இல் மாகாணத்துக்கென்று மீன்வள அமைப்பு ஒன்றை உண்டாக்கினார். உப்பிடுகிற மீனை வெட்டுவது, பிளப்பது, குடல் எடுப்பது எல்லாம் கடற்கரையிலேயே முடிந்துவிடும். நம்ம வீட்டில் கருவாட்டுக்குக் கழுவுகிற வேலைதான். தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் பச்சை மீன் தினமும் வருவதெல்லாம் என் காலத்தில் வந்த மாற்றம்.

ஆகவே நம்ம வீட்டுக் கருவி கண்மாய் மீனுக்கு ஏற்ற கருவி. அரிவாள்மணை. மூன்று சுழி ண போட்டு எழுத வேண்டும். மணை என்றால் உட்காரும் பலகை. மனை என்று எழுதினால் வீடாகிவிடும். அகராதியில் அரிவாண்மணை என்று இருக்கிறது. நம்ம பக்கம் அருவாமணை. இது தமிழருக்கு மட்டும் சொந்தமில்லை. தெலுங்கில் கத்திப்பீட்ட, கன்னடத்தில் ஈளிகெ மணெ, மராத்தியில் விளி. வங்காளத்தில் போன்ட்டி என்கிறார்கள். அங்கே மீனுக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். மீன் தின்பதில் வங்காளிகள் நமக்கு அண்ணன்மார்.

இந்தக் கருவியின் சூட்சுமம் என்ன? உலகத்தில் பெரும்பாலான இடங்களில் மீன் கிடக்கும், கத்தி நகரும். அரிவாள்மணையில் கத்தி நிற்கும், மீன் நகரும். பலகையைக் காலால் அழுத்திக்கொண்டால் இரண்டு கையும் மீனுக்குக் கிடைக்கிறது. விராலைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும், அது எப்படி வழுக்கும் என்று. சாம்பலைப் போட்டு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தால்தான் நிற்கும். ஒரு கையால் பிடித்து மறு கையால் கத்தி போடுவது நம்ம மீனுக்கு ஆகிற காரியமில்லை. செவுளை இழுப்பது, துடுப்பை அரிவது, வயிற்றைக் கீறுவது, தலையைத் தனியாக்குவது, நடுமுள்ளோடு துண்டு போடுவது, அவ்வளவுக்கும் ஒரே வாய். முனையில் பல் இருந்தால் அதே கருவியில் குழம்புக்குத் தேங்காயும் துருவிக்கொள்ளலாம். (கழுவிவிட்டுத்தான்!)

எல்லா மீனுக்கும் அது வேண்டும் என்பதும் இல்லை. அயிரைக்குக் கத்தியே கிடையாது, மண்சட்டியில் கல் உப்பைப் போட்டு உரசுவதுதான். நெத்திலிக்குக் கட்டைவிரல் நகம் போதும். கெளுத்திக்கு முதலில் இரண்டு பக்கத்து முள்ளையும் ஒடிக்கத் தெரிய வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளும் முன்னால் ஒருமுறையாவது குத்து வாங்கியிருப்பார்கள்.

இரும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்ம பக்கத்துப் பழைய அரிவாள்மணையெல்லாம் ஊர்க்கொல்லர் அடித்தது. மானாமதுரைப் பக்கத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்போன ஊர். லாரிகள் வந்த பிறகு கழித்துப் போட்ட லாரிப்பட்டைதான் கொல்லருக்கு நல்ல உருக்கு. துருப்பிடிக்கும், ஆனால் தீட்டத் தீட்டக் கூர் ஏறும். தென்னிந்திய உருக்கின் பெருமை நாம் சொல்லிக்கொள்வது மட்டும் இல்லை. லண்டனில் மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்தில் கை வைப்பதற்கு முன், ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து, வூட்ஸ் என்று அவர்கள் சொன்ன நம்ம நாட்டு உருக்கின் ரகசியத்தைத் தேடி 1820 வாக்கில் ஆராய்ச்சி செய்தார். பிற்பாடு அதே ஃபாரடே கண்டுபிடித்த தத்துவத்தில்தான் மோட்டார் ஓடுகிறது. மின்சாரக் கத்தியின் இரண்டு பாதியிலும் அவர் கை பட்டிருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். துருப்பிடிக்காத எஃகு 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி கண்டது. அது முதலில் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று சாப்பாட்டு மேசைக் கத்தி.

சரி, இனி அமெரிக்கக் கத்திக்கு வருவோம்.

நடுமுள்ளை விட்டுச் சதையை மட்டும் தகடாகப் பிரித்தெடுப்பதை அங்கே ஃபில்லெட் என்கிறார்கள். அதற்கு வளைந்து கொடுக்கிற மெல்லிய நீண்ட கத்தி வேண்டும். அந்தக் கத்தியைப் பிரபலமாக்கியது பின்லாந்து. தூண்டில் செய்கிற ரபாலா கம்பெனியும், ரொவானியெமி ஊரில் 1928-இல் தொடங்கிய மார்ட்டீனி கத்திப் பட்டறையும் சேர்ந்து 1960களில் அமெரிக்கச் சந்தைக்கு ஒரு கத்தி கொடுத்தார்கள். மரப்பிடி, தோல் உறை. இன்றைக்கும் விற்கிறது. அதே 1960களில்தான் அமெரிக்க வீடுகளுக்கு மின்சாரக் கத்தியும் வந்தது. மீனுக்காக வந்ததில்லை. பண்டிகை விருந்தில் முழு வான்கோழியை மேசையில் வைத்துச் சீவுவதற்காக வந்தது. கல்யாணப் பரிசாகக் கொடுத்துக்கொண்டார்கள். பலர் வீட்டில் வருடத்துக்கு இரண்டு நாள் வெளியே வந்துவிட்டு மறுபடி அலமாரிக்குள் போய்விடும். சோபா தைக்கிறவர்கள் ஃபோம் அறுக்கவும் எடுத்துக்கொண்டார்கள்.

அதை மீனுக்குத் திருப்பியவர்கள் ஏரிக்கரைத் தூண்டில்காரர்கள். ஒரே நாளில் ஒரே அளவில் கூடை நிறைய மீன் பிடித்து வந்து, தங்கள் கையாலேயே அத்தனையும் வெட்டியாக வேண்டியவர்கள். கத்தியை நீளமாக்கி, கொஞ்சம் வளைகிற மாதிரிச் செய்துகொண்டார்கள். உள்ளே பார்த்தால் எளிய வேலைதான். ரம்பப்பல் வைத்த இரண்டு தகடு, ஒன்றோடொன்று ஒட்டி. ஒன்று முன்னே போகும்போது மற்றது பின்னே வரும். எதிரெதிராக ஓடுவதால் சதையைப் பிடித்து இழுக்காது. செவுளுக்குப் பின்னால் நடுமுள் வரை இறக்கி, கத்தியைப் படுக்க வைத்து, முள்ளின் மேலேயே வால் வரை ஓட்டினால் ஒரு பக்கச் சதை தகடாக வந்துவிடும். விலா முள்ளை அறுத்துக்கொண்டே போகும். பிறகு அந்த விலாப் பகுதியைத் தனியாக வெட்டிப் போட்டுவிட்டு, தோலையும் அதே கத்தியால் நீக்கிவிடுவார்கள். பழகிய கைக்கு ஒரு மீன் ஒரு நிமிடம்கூட ஆகாது.

அதன் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். தலை, நடுமுள், வால், அதில் ஒட்டியிருக்கிற சதை எல்லாம் பெரும்பாலும் குப்பைக்கு. நம்ம வீட்டில் விரால் தலை யாருக்கு என்று போட்டியே நடக்கும். குழம்புக்குக் கெட்டியும் ருசியும் கொடுப்பது முள்ளிலும் தோலிலும் தலையிலும் இருந்து இறங்குகிற பசைதான். வெறும் சதைத் தகட்டைப் புளிக்குழம்பில் போட்டுப் பாருங்கள். பாதி கரைந்துவிடும், மீதி பஞ்சு மாதிரி மிதக்கும். அது எண்ணெயில் பொரிக்கிறவனுக்கான வெட்டு.

முள்ளுக்கும் வருவோம். மினசோட்டாவின் மாநில மீன் வால்ஐ. அதன் சதைக்குள் கவட்டைப் பொடிமுள் கிடையாது. விலா முள்ளை எடுத்துவிட்டால் பெரும்பாலும் முள் தீர்ந்தது. நம்ம கண்மாயில் இன்றைக்கு என்ன இருக்கிறது? மீன்பாசி ஏலம் எடுத்தவர்கள் விடுகிற கட்லா, ரோகு, மிர்கால். இவை வட இந்திய ஆற்று மீன்கள். கண்மாயில் வளரும், ஆனால் அங்கே முட்டை போட்டுப் பெருகாது. 1957 ஜூலை 10-இல் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் மீனின் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு, இந்தக் கெண்டைக் குடும்பத்து மீனை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினம் என்று கொண்டாடுகிறோம். அதற்குப் பிறகுதான் மீன்குஞ்சு வேண்டிய அளவு கிடைத்து நம்ம கண்மாய்களிலும் விட முடிந்தது. இந்தக் குடும்பம் முழுக்கச் சதைக்கு நடுவில் கவட்டை போல் பிரிந்த பொடிமுள் வைத்திருக்கும். எந்த மின்சாரக் கத்தியும் அதை எடுக்காது. எடுக்காதது மட்டும் இல்லை, பொடிப்பொடியாக அறுத்துச் சதைக்குள்ளேயே விட்டுவிடும். குழந்தை தொண்டையில் சிக்க அதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம்.

மிச்சம் ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்க மீன். 1952-இல் பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்கு, மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மண்டபம் அன்றைக்கு நம்ம ராமநாதபுரம் மாவட்டம்தான். நாமும் அதே மாவட்டம், 1985-இல் பிரியும் வரை. வந்த மீன் கண்மாய் கண்மாயாகப் பரவிவிட்டது. இதில் பொடிமுள் இல்லை, ஃபில்லெட்டுக்கு ஏற்ற மீன். அமெரிக்கக் கடையில் உறைய வைத்த தகடாக விற்பது இதன் பங்காளிதான். ஆனால் நம்ம கண்மாயில் கணக்கில்லாமல் குஞ்சு பொரித்து, கூட்டம் கூடி, உள்ளங்கை அளவோடு நின்றுவிடுகிறது. உள்ளங்கை மீனில் தகடு எடுத்தால் என்ன மிஞ்சும்? விரால்தான் இதற்குப் பொருத்தமான மீன், பொடிமுள் இல்லை, நீளமும் உண்டு. அதைத் தலை முள் நீக்கிச் சாப்பிடச் சொன்னால் அந்தத் தம்பியின் அம்மா என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். வஞ்சிரம் வாங்கினால் வட்டத் துண்டுதான் போட வேண்டும். நடுமுள்ளைக் குறுக்கே வெட்டக் கனமான கத்தி வேண்டும். மின்சாரக் கத்தி அங்கே பல்லை உடைத்துக்கொள்ளும்.

கத்தி வாங்கப் போகிற மற்றவர்களுக்கும் இரண்டு விவரம். அமெரிக்காவில் விற்கிற வயர் கத்தி 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே 230. பிளக்கை மாற்றுகிற சின்ன அடாப்டரை மட்டும் நம்பிச் செருகினால் மோட்டார் புகைந்துவிடும். ஈரக் கையோடு வேலை செய்கிற இடத்தில் வயரே வேண்டாம் என்பேன். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பேட்டரி வைத்தது, அதன் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாற்றுத் தகடு சேர்த்து வாங்குங்கள். ரம்பப்பல் தகட்டை நம்ம ஊர்ச் சாணைக்காரர் தீட்ட முடியாது.

இன்னொன்று, இது நம்ம சிவகாசி அச்சகப் பிள்ளைகளுக்கு உடனே புரியும். பேப்பர் வெட்டுகிற கட்டிங் மிஷினில் இரண்டு கையும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிளேடு இறங்கும், பார்த்திருப்பீர்கள். கை பிளேடுக்குக் கீழே இருக்கவே முடியாது என்பதற்காக அந்த ஏற்பாடு. மின்சாரக் கத்தியில் ஒரு கை பொத்தானில், மறு கை வழுக்குகிற மீனின் மேல், கத்திக்கு நேராக. அரிவாள்மணையில் கை நின்றால் வெட்டும் நின்றுவிடும். இதில் கை நின்றாலும் கத்தி ஓடிக்கொண்டிருக்கும். வெட்டுப்படாத கையுறை போட்டுக்கொண்டு நாற்பது வயதுக்காரர் செய்யலாம். கை நடுங்குகிற வயதில் இருப்பவர்களிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்போ அம்மா என்ன செய்றது சார்?" என்றுதான் அவர் அடுத்து கேட்பார். நியாயமான கேள்வி. அம்மாவின் கஷ்டம் கத்தியில் இல்லை, தரையில் இருக்கிறது. நம்ம அடுப்படி எப்போது தரையைவிட்டு எழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். விறகடுப்பு இருந்தவரை அரைப்பது, அரிவது, ஊதுவது எல்லாம் உட்கார்ந்துதான். கேஸ் அடுப்பு வந்ததும் அதற்கு ஒரு மேடை வந்தது. மேடை வந்ததும் அம்மிக்குப் பதில் மிக்சி மேலே ஏறியது, ஆட்டுரலுக்குப் பதில் கிரைண்டர் வந்தது. காய் நறுக்கப் பலகையும் சின்னக் கத்தியும் வந்தன. அரிவாள்மணை மட்டும் ஏற முடியாமல் கீழேயே நின்றுவிட்டது. மேடையில் கவ்விக்கொள்கிற மாதிரி நிற்கிற அரிவாள்மணை பாத்திரக் கடைகளில் கிடைக்கிறது. காய்க்கு நன்றாக இருக்கிறது, பெரிய மீனின் பலத்துக்கு ஆடுகிறது. ஆகவே தம்பி, சின்ன மீனுக்கு அம்மாவுக்கு ஒரு நல்ல சமையல் கத்திரிக்கோல் வாங்கி வாருங்கள். துடுப்பும் வாலும் செவுளும் நின்றுகொண்டே வெட்டலாம். பெரிய மீனைக் கடையிலேயே வெட்டி வாங்கச் சொல்லுங்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வரலாறு ஒளிந்திருக்கிறது. நம்ம சந்தையில் மின்சாரக் கத்தி ஏன் வரவில்லை? கையால் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கூலி குறைவு. இது நமக்குப் பழகிய கதை. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். 1923-இல் சுவீடன்காரர்களின் விம்கோ கம்பெனியும் இந்தியாவில் தொடங்கியது. அவர்களிடம் முழு இயந்திரம், நம்மிடம் வீடு வீடாகக் கை. பின்னாளில் சந்தையில் பெரும்பங்கைப் பிடித்தது கைதான். அதைப் பெருமையாகவே பேசிப் பழகிவிட்டோம். அந்தக் கைகள் பெண்களுடையவை, பல காலம் குழந்தைகளுடையவை. என் வகுப்பில் வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்து பெஞ்சில் ஆள் இல்லாத பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று உங்களில் சிலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மீன் வெட்டுவதும் அப்படித்தான். சென்னை காசிமேட்டுக்கோ கடலூர் துறைமுகத்துக்கோ காலையில் போய்ப் பாருங்கள். ஈரத் தரையில் அரிவாள்மணையோடு வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். வாங்குகிறவர் மீனைக் கொண்டுபோய் முன்னால் போட்டால், குழம்புக்கா பொரிக்கவா என்று கேட்டு, அதற்குத் தக்கபடி வெட்டித் தருவார்கள். அந்த ஒரு கேள்வியில் நான் மேலே எழுதிய அவ்வளவும் அடங்கியிருக்கிறது. மணிக்கணக்கில் குத்துக்காலிட்டு இருப்பதால் இடுப்பும் முழங்காலும் போகும். உப்புத் தண்ணீரும் ஐஸும் பட்டு விரல் இடுக்கு புண்ணாகும். 1952-இல் நார்வேயோடு ஒப்பந்தம் போட்டு கொல்லம் பக்கம் நீண்டகரையில் படகுக்கு இன்ஜின் வைத்தோம், ஐஸ் தொழிற்சாலை கட்டினோம். வலை மாறியது, படகு மாறியது, மீன் போகிற லாரி மாறியது. வெட்டுகிற பெண் உட்கார்ந்திருக்கிற பலகை மாறவில்லை. அம்மா தரையிலிருந்து எழுந்துவிட்டால் அந்த வேலை இந்தப் பெண்களின் தரைக்குப் போகிறது. கூலி கொடுக்கும்போது பேரம் பேச வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி.

நம்ம பிள்ளைகளில் மெக்கானிக்கல் படித்தவர்களும் லேத் பட்டறை வைத்திருப்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆளைவிட மீன்தான் நகர வேண்டும், இரண்டு கையும் மீனின் மேல் இருக்க வேண்டும், நின்றுகொண்டோ ஸ்டூலில் உட்கார்ந்தோ வெட்ட வேண்டும், ஐந்து கிலோ கட்லாவின் தலையை வெட்டினாலும் ஆடக்கூடாது, தண்ணீர் தானாக வடிந்து போக வேண்டும். மின்சாரம் தேவையே இல்லை. லாரிப்பட்டையும் இரும்புக் குழாயும் போதும் என்றுதான் எனக்குப் படுகிறது. யாராவது வரைந்து அனுப்புங்கள். அளவு கேட்டால் விருதுநகர்ச் சந்தையில் மீன் வெட்டுகிறவர்களிடம் போய் உட்கார்ந்து எடுத்துத் தருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பழைய அரிவாள்மணை எந்த ஊர்க்கொல்லர் அடித்தது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள்.